கொஞ்ச நாள்தானே

ஜனவரி 14

அன்பு மருமகளுக்கு,

இங்கே நான் சுகம். அதுல எந்த மாத்தமும் வரப்போறதில்லைன்னு உனக்கே தெரியும். ஆனாலும் அதை எழுதாம ஆரம்பிச்சா கடிதம் மொட்டையா நிக்குது. உன் முதுகு வலி எப்படி? பொண்ணு தேர்வு எழுதிட்டாளா?

வேலை என் உயிரை வாங்குது. வாங்க முடியாத உயிர்ங்கிறதால விடாம முயற்சி பண்ணுது. இருபத்திரண்டு வருஷமா இந்த ரயில் நிலையத்துல, தொலைஞ்ச பொருள் அலுவலகத்துல உக்காந்திருக்கேன். இந்த வாரம் வந்தது பதினேழு குடை, ஒரு பல் செட், ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை வண்டியிலயே விட்டுட்டு அந்த மனுஷன் எப்படி இறங்கிப் போனார்னு எனக்கு விளங்கல. பல் செட்டைத் தேடி யாரும் வரல. ஆனா கைபேசியை விட்டவன் நாப்பது நிமிஷத்துல மூச்சு வாங்க ஓடி வந்து, அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதான்.

மேலாளர் புதுசா ஒரு படிவம் கொண்டு வந்திருக்கார். கம்ப்யூட்டர்ல பிறந்த வருஷத்தைத் தேடி அமுக்கணுமாம். பட்டியல் கீழே கீழே போய் நூத்தி இருபது வருஷத்தோட நின்னுடுச்சு. வழக்கம்போல ஐம்பத்தெட்டு வயசுன்னு போட்டுட்டேன். "வயசுக்கு நல்லாவே இருக்கீங்க"ன்னார்.

போன கடிதத்துல, இனி எப்பவும் உன் அண்ணன்கிட்ட பேசப்போறதில்லைன்னு எழுதியிருந்த. "எப்பவும்"ங்கிற வார்த்தையை என்கிட்ட எடுக்காதே. உன் "எப்பவும்" மிஞ்சிப்போனா நாப்பது வருஷம். அதுல பத்து மாசத்தை ஏற்கனவே உம்முனு கழிச்சாச்சு. அவனைக் கூப்பிட்டுப் பேசு.

உடம்பைப் பாத்துக்கோ. கனமானதைத் தூக்காதே.

அத்தை


ஜனவரி 29

அத்தைக்கு வணக்கம்.

நாங்க சுகம். முதுகு அப்படியேதான் இருக்கு. பொண்ணு தேறிட்டா.

எனக்கு இருபத்தோரு வயசுல அப்பா என்னை உக்கார வெச்சு, உங்க கடிதக் கட்டைக் காட்டினார். அவர் தாத்தாவுக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒரே கையெழுத்து. சாவு இல்லாத ஒருத்தர் அத்தையா வாய்ச்சிருக்காங்கன்னு அன்னைக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா சாவு இல்லாதவங்க சாவைப் பத்தி யோசனை சொல்றதுதான் தாங்க முடியல.

என்ன நடந்துச்சுன்னு ஒரே ஒரு தடவை எழுதறேன். அப்பா ஆறு நாள் படுக்கையில இருந்தார். முதல் நாளே அண்ணனுக்குச் சொல்லிட்டேன். அவன் குளிர்சாதன லாரியோட வழியில இருந்தான். "லோடு இறக்கிட்டு வந்துடறேன்"னான். ரெண்டாம் நாள் "பக்கத்துல வந்துட்டேன்"னான். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. பதினொரு தடவை கூப்பிட்டேன். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அப்பா தலையைத் திருப்பினார். நர்ஸ் வந்தாலும் திருப்பினார். எல்லாம் முடிஞ்சு நாலாம் நாள் வாசல்ல வந்து நிக்கிறான், நோயாளியைப் பாக்க வர்ற மாதிரி கையில ஒரு பழப் பையோட.

இனி இதைப் பத்தி எழுதாதீங்க. வேலைக்கு நேரமாச்சு. நான் பண்ற காது பரிசோதனைக்கு இன்னைக்குப் பதினாலு பேர். சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். ஒரு தாத்தா சத்தமே விடாதப்பவும் அமுக்கிட்டே இருக்கார். கேட்டா, பாஸ் ஆகணுமாம்.

உங்க உடம்பைக் கேக்கத் தேவையில்ல. இருந்தாலும் கேட்டுக்கறேன்.

மருமகள்


பிப்ரவரி 8

அன்பு மருமகளுக்கு,

உடம்பு நல்லாவே இருக்கு, நக்கலுக்கு நன்றி. உன் பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லு.

எழுதாதேன்னு சொன்ன. எழுதறேன். லாரிக்காரன் நேரம் அவன் கையிலயா இருக்கு? சோதனைச் சாவடியில ஒரு நாள் நிறுத்தறான், கிடங்குல ஆள் இல்லைன்னு ஒரு நாள். போன்ல சார்ஜ் இல்லாம போயிருக்கும். ஏன் வரலைன்னு அவனை ஒரு தடவையாவது கேட்டியா? நாள் முழுக்க ஊரார் காதைச் சோதிக்கிற. கூடப் பிறந்தவன் சொல்றதைக் கேக்க உனக்குக் காது இல்ல.

எனக்கு எரிச்சலா வருது. உங்களுக்குக் கிடைக்கிறது எண்பது வருஷம். அதுல முப்பதைத் தூங்கிக் கழிக்கறீங்க, கொஞ்சத்தை வரிசையில நின்னு கழிக்கறீங்க, கடவுச்சொல்லை மறந்துட்டு கொஞ்சம். மிச்சம் இருக்கறதை, யார் முதல்ல பேசறதுன்னு முறைச்சுக்கிட்டே முடிச்சுடறீங்க. தாமதமா வந்தவனும் வந்தவன்தான். வாசல் வரைக்கும் வர்றது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.

வெந்நீர் ஒத்தடம் கொடு. மாத்திரையை நம்பாதே.

அத்தை


பிப்ரவரி 27

அத்தைக்கு,

எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்ல.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு வாரம் பதில் எழுதக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப எழுதறது வேற விஷயம். அப்பா அலமாரியை ஒழிச்சேன். அவரோட முகவரி நோட்டுல ஒரு பக்கத்துல "பெரியவர்"னு எழுதி, ஒரு நீரேற்று நிலையத்தோட விலாசம் இருந்துச்சு. உங்க கூடப் பிறந்த தம்பி. எங்க குடும்பத்துக்கே வேர். உங்களை மாதிரியே இன்னும் இருக்கிறவர்.

அவர் எங்க இருக்கார்னே தெரியாதுன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தீங்க. வரைபடத்துல பாத்தேன். உங்க நிலையத்துல கிளம்புற அதே வண்டி அந்த ஊர்லதான் போய் நிக்குது. நாலு மணி நேரம். இருபத்திரண்டு வருஷமா அந்த வண்டியில விட்டுப்போன குடைகளை எண்ணிட்டிருக்கீங்க.

ஒரு படகை யாருக்குன்னு பிரிக்கறதுல சண்டைன்னு அப்பா சொல்லுவார். நிஜமா? பேசி எத்தனை வருஷம் ஆச்சு?

பதில் போடுங்க.

மருமகள்


ஏப்ரல் 19

மருமகளுக்கு,

நான் சுகம். பதில் தாமதம். வேலை.

இங்கே மழை. குடைகள் நூத்தி நாலு. மேலாளர் கடவுச்சொல்லை மாத்தச் சொன்னார். பழையது போலவே இருக்கக் கூடாதாம், ஆனா ஞாபகம் இருக்கணுமாம்.

ஒரு குழந்தை வண்டி எட்டு மாசமா மூலையில நிக்குது. அதை எதுக்கு எழுதினேன்னு தெரியல.

நீ கேட்டதுக்கு: ஆமா, படகு.

பொண்ணைக் கேட்டதாச் சொல்லு.

அத்தை


ஏப்ரல் 30

அத்தைக்கு,

முதல்ல சம்பிரதாயம்: சுகம், சுகம், எல்லாரும் சுகம்.

எப்பவும் நாலு பக்கம் எழுதுவீங்க. நான் தும்மினாக்கூட ஒரு பக்கத்துக்கு யோசனை வரும். இந்தத் தடவை ஏழு வாரம் கழிச்சு அரைப் பக்கம். காது பரிசோதனை பண்றவகிட்ட இந்த மாதிரிப் பதில் சொல்லாதீங்க. சத்தம் வராதப்ப பட்டனை அமுக்குற அந்தத் தாத்தாதான் ஞாபகம் வர்றார். காரணம் படகு இல்ல.

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்தான். லாரியோடவே தெருவுக்குள்ள வந்துட்டான். எதிர்ல ஒரு கார் வர முடியாம ஹாரன் அடிக்குது, மாடியிலேருந்து ரெண்டு பேர் கத்தறாங்க, இவன் கீழே நின்னு எங்க ஜன்னலையே பாத்துட்டிருக்கான். நான் திறக்கல. முக்கால் மணி நேரம் நின்னான். அப்புறம் பின்னாலயே நகத்தி, ஒரு பூந்தொட்டியை உடைச்சுட்டுப் போனான். போன்ல ஏழு நிமிஷத்துக்கு ஏதோ பேசிப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கான். கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

அவன் பக்கமே நீங்க ஏன் பேசறீங்க? எங்க அப்பா உங்களுக்கு யாரும் இல்லையா? இதுக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க. இல்லேன்னா இனி கடிதம் வேண்டாம்.

மருமகள்


ஜூன் 3

என் மருமகளுக்கு,

நீ நல்லா இருக்கணும்.

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

படகு இல்ல. உன் அப்பாவோட தாத்தா சின்ன வயசுல கேட்டப்ப, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அப்படியே வழிவழியா வந்துடுச்சு.

என் தம்பிக்கு மூணு பிள்ளைங்க. எங்களை மாதிரி இல்ல, உங்களை மாதிரி. கடைக்குட்டி ஒரு பொண்ணு. என் இடுப்பை விட்டு இறங்காது. அதுக்கு ஆறு வயசா இருக்கும்போது நான் தூரத்துல ஒரு ஆத்துப்பக்கம் வேலைக்குப் போனேன். கல் பாலம் கட்டுறவங்களுக்குச் சமைச்சுப் போடற வேலை. கொஞ்ச நாள்ல தம்பிகிட்டேருந்து ஆள் மூலமா கடிதம் வந்துச்சு. "சின்னவளுக்கு உடம்பு சரியில்ல. உன்னையே கேக்கறா. வா."

படிச்சேன். மடிச்சு வெச்சேன். குழந்தைன்னா உடம்புக்கு வரத்தான் செய்யும், பாலம் முடியட்டும், கொஞ்ச நாள்தானேன்னு நினைச்சேன்.

பாலம் முடிய மூணு வருஷம் ஆச்சு.

நீ இதைப் படிச்சுட்டு, இப்படியும் ஒருத்தி இருப்பாளான்னு நினைப்ப. எங்களுக்கு மூணு வருஷம் எப்படிப் போகும்னு உனக்கு என்னால புரிய வைக்க முடியாது. ஒரு மழை வந்து, துணி காய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் வேணும்னே தாமதிக்கல. அதுதான் அதுலயே மோசம்.

போனேன். தம்பி வாசல்ல நின்னான். "யாரைப் பாக்க வந்த?"ன்னு கேட்டான். கடிதம் போட்டதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அவ உயிரோட இருந்திருக்கா. தினம் கேட்டிருக்கா. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது.

தம்பி கோபம் தணியட்டும்னு திரும்பி வந்துட்டேன். தணிய எவ்வளவு நாள் ஆகும்னு யாருக்குத் தெரியும். இருநூத்திப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பாலம்கூட இப்ப இல்ல.

உன் அப்பா எனக்கு யாரும் இல்லாம இல்ல. கதவு திறக்கிறப்பெல்லாம் தலையைத் திருப்பினார்னு நீ எழுதினியே, அந்த வரியை என்னால ரெண்டாவது தடவை படிக்க முடியல. நான் உன் அண்ணன் பக்கம் பேசல. என் பக்கம் பேசினேன்.

கோபம் இருந்தா எழுதாதே. உன் பொண்ணைப் பாத்துக்கோ.

அத்தை


ஜூன் 12

அத்தைக்கு,

நாங்க சுகம். உங்க கடிதம் திங்கக்கிழமை வந்துச்சு. அன்னைக்கு லீவு போட்டுட்டேன்.

உங்க மேல கோபம் வந்துச்சு. மறைக்க மாட்டேன். அந்தக் குழந்தைக்காக வந்துச்சு. அப்புறம், என் அண்ணன் நாலு நாள்ல வந்தான்ல, அதுகூட ஒரு வேகம்தான்னு தோணிச்சு. சிரிப்பா வந்துச்சு, உடனே அழுகையும் வந்துச்சு. அவன் அனுப்பின ஏழு நிமிஷத்தைக் கேட்டேன்.

சாவடியும் இல்ல, கிடங்கும் இல்ல அத்தை. லோடு ரெண்டாம் நாளே இறக்கிட்டான். ஆஸ்பத்திரியிலேருந்து நாப்பது கிலோமீட்டர்ல ஒரு பெட்ரோல் பங்க்ல வண்டியை நிறுத்திட்டு, அங்கேயே இருந்திருக்கான். சாவியைப் போடறதும் எடுக்கறதுமா இருந்திருக்கான். "அப்பாவை அப்படிப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. நான் வராத வரைக்கும் அவர் போகமாட்டார்னு நினைச்சேன்"னு சொல்றான். பழம் அந்தப் பங்க்ல வாங்கினதாம்.

கேட்டுட்டு இன்னும் கோபம் ஏறிச்சு. நேரா அவன் வீட்டுக்குப் போனேன். மூணு மணி நேரம் சண்டை. அண்ணி பயந்து பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கடைசியில தொண்டை கட்டிடுச்சு, அண்ணி டீ போட்டாங்க, குடிச்சோம். சமாதானம் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. கோபம் போகல. ஆனா இப்ப அவன் முகத்தைப் பாத்துக் கோபப்படறேன். அது கொஞ்சம் லேசா இருக்கு.

இப்ப உங்க முறை. காலை ஆறு நாப்பதுக்கு வண்டி. நான் பாத்துட்டேன். எந்தத் தேதின்னு எழுதுங்க.

மருமகள்


ஜூன் 20

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். நீ அண்ணன் வீட்டுக்குப் போனது நல்லது. உன் தொண்டைக்கு உப்புத் தண்ணி கொப்பளி.

நான் போறதைப் பத்தி. இந்த மாசம் யாரும் வந்து கேக்காத பொருளையெல்லாம் பிரிச்சுக் கொடுக்கணும், பட்டியல் போடணும். மேலாளருக்குப் படிவத்தைத் திறக்கவே தெரியாது, என்னைத்தான் கூப்பிடறார். அடுத்த மாசம் நிலையத்துக்கு வெள்ளை அடிக்கறாங்க. அதுக்கப்புறம் மழை. அடுத்த வருஷம் நிதானமாப் போறேன். இல்லேன்னா அதுக்கடுத்த வருஷம். அவன் எங்க போயிடப் போறான்?

பொண்ணுக்கு முத்தம்.

அத்தை


ஜூன் 27

அத்தைக்கு,

சுகம் விசாரிக்கற நிலைமையில நான் இல்ல.

அடுத்த வருஷம்னு எழுதியிருக்கீங்க. அந்தத் தாளை அப்படியே மேஜையில அறைஞ்சேன், கண்ணாடி கீழே விழுந்துச்சு. அது வர்றதுக்கு முன்னாலயே நான் பெரியவருக்கு எழுதிட்டேன். நான் யாரு, எந்த மகன் வழி, என்ன வேலை, எல்லாம். உங்களைப் பத்தியும் நிறைய எழுதினேன். நேத்து பதில் வந்துச்சு. ஒரே வரி: "வெள்ளிக்கிழமைகளில் பகல் ஷிப்டு."

எனக்கு நாப்பத்தி மூணு வயசு. உங்க ரெண்டு பேருக்கும் நேரம் இருக்கு, அத்தை. எனக்கு இல்ல. நீங்க பேசிக்கிட்டதைக் கேட்டுட்டுத்தான் நான் போகணும். நீங்க நிதானமா ஒரு நாள் போய்ச் சேர்ந்து, அதை எனக்குக் கடிதத்துல எழுதும்போது இந்த விலாசத்துல யார் இருப்பாங்க? மறுபடியும் ஒரு குழந்தையைக் காக்க வைக்காதீங்க.

மருமகள்


ஜூலை 16

என் மருமகளுக்கு,

முதல்ல உன் உடம்பைக் கேட்டுக்கறேன். அப்புறம் மறந்துடுவேன்.

போனேன். வெள்ளிக்கிழமை, ஆறு நாப்பது வண்டி. பக்கத்துல உக்காந்திருந்தவர் இறங்கும்போது குடையை விட்டுட்டுப் போனார். கத்திக் கூப்பிட்டுக் கொடுத்தேன். லீவு நாள்லயும் அதே வேலை.

நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே. பெரிய கொட்டகை, ரெண்டு மோட்டார், ஒரு மேஜை. மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பாத்து எழுதணும். தம்பி எழுதிக்கிட்டிருந்தான். கொஞ்சம்கூட மாறல, அதே கொக்கு மாதிரிக் குனிஞ்சு உக்காருவான். நிமிர்ந்து பாத்தான்.

"உன் மருமக ஏழு பக்கம் எழுதியிருந்தா. அதுல நாலு பக்கம் உன்னைப் பத்தின குறை."

"உனக்குப் பேத்திதானே. அந்த வாய் வேற எங்கேருந்து வரும்"னேன்.

ஒரு நாற்காலியைக் காலால தள்ளி விட்டான். உக்காந்தேன். இருநூத்திப் பன்னெண்டு வருஷமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்த பேச்சு ஒண்ணுகூட வரல. மோட்டார் சத்தம் காதைக் கிழிக்குது. "என்னை மன்னிச்சுடு"ன்னு கத்த வேண்டியதாப் போச்சு. "என்ன?"ன்னான். மறுபடியும் கத்தினேன். "முதல் தடவையே கேட்டுச்சு"ன்னான்.

பன்னெண்டு மணிக்கு மோட்டாரை நிறுத்தினான். அவ்வளவு அமைதியை ரெண்டு பேராலயும் தாங்க முடியல. படிவம் நிரப்பச் சொல்லி மேலிடத்துல படுத்தற பாட்டை அவன் சொன்னான், என் மேலாளரைப் பத்தி நான் சொன்னேன். அவனுக்கும் பிறந்த வருஷம் பட்டியல்ல இல்லையாம். நடுவுல சட்டுனு கேட்டான். "அன்னைக்கு அவளுக்கு என்ன கொண்டு வந்திருந்த?"

உனக்கு எழுதாம விட்டது இது ஒண்ணுதான். செருப்பு கொண்டு போயிருந்தேன். பாலத்துல வேலை செஞ்ச ஒருத்தர் தைச்சுக் கொடுத்த சின்னத் தோல் செருப்பு. வாசல்ல நின்ன நேரம் முழுக்க அது என் முதுகுப் பக்கம் கையில இருந்துச்சு.

"எவ்வளவு பெருசு?"ன்னான்.

கட்டை விரலையும் சுட்டு விரலையும் விரிச்சுக் காட்டினேன். பாத்துக்கிட்டே இருந்தான். எழுந்து வந்து என் ரெண்டு விரலையும் பிடிச்சு, இன்னும் கொஞ்சம் அகலமா விரிச்சு விட்டான்.

"கடைசியில இவ்வளவு இருந்துச்சு"ன்னான்.

கையை அப்படியே வெச்சுக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. எங்களுக்கு அதுதான் தெரியாதே. ஒரு மணி மீட்டரை அவன் எழுதல.

மன்னிச்சானான்னு நீ கேப்ப. எனக்குத் தெரியல, நானும் கேக்கல. கிளம்பும்போது, ஆகஸ்ட் ஒண்ணு வெள்ளிக்கிழமை மறுபடியும் வர்றேன்னு சொன்னேன். சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல அந்தத் தேதியைச் சுத்தி வட்டம் போட்டான்.

நீயும் வரணும்னு சொல்லியிருக்கேன். பொண்ணையும் கூட்டிட்டு வா. உன் அண்ணனையும் கூப்பிடு, வேணும்னா வழி பூரா திட்டிக்கிட்டே வா. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லைன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மாட்டேன். பதினொரு மணிக்குள்ள வந்து சேரு.

அத்தை